ஸ்பிதி கல் ரோடு, குன்சும் லா, சந்திரதால்: வண்டிய ஓட்டிட்டு போய் டென்ட் போடணும்னு கேக்குறவங்களுக்கு

இந்த ரோட்டுல நாலு தடவ போயிருக்கேன். அதுல ஒரு தடவ பாதியில திரும்பி வந்தேன், இன்னொரு தடவ ராத்திரி பூரா வண்டிக்குள்ளயே உக்காந்து விடிய வச்சேன். போட்டோ போட்டதுலேர்ந்து மெசேஜ்ல ஒரே மாதிரி கேள்விங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

ப்ரோ, எந்த ரோடு இது? மேப்ல தேடினா ஹைவேன்னு காட்டுது?

ஹிமாச்சல் பிரதேசத்துல லாஹௌல் ஸ்பிதி மாவட்டம். மனாலியிலேர்ந்து அடல் டனல்ல புகுந்து, அதாவது 2020 அக்டோபர்ல திறந்தாங்களே அந்த 9 கிமீ சுரங்கம், அந்தப் பக்கம் வெளிய வந்து கோக்சர் வழியா கிராம்ஃபூ. அங்கேர்ந்து ரோதங் கணவாய்க்கு ஏறுற ரோட்ட விட்டுட்டு சந்திரா ஆத்த ஒட்டியே உள்ள போனா சத்ரு, பாத்தல், அப்புறம் ஏறி குன்சும் லாங்கற கணவாய், இறங்கினா லோசர், கடைசியா காசா. கிராம்ஃபூ டு காசா 135 கிமீ கிட்ட வரும். பேருக்கு நேஷனல் ஹைவே 505 தான், மேப்பும் அப்படித்தான் சொல்லும், ஆனா கிராம்ஃபூலேர்ந்து பாத்தல் வரைக்கும் நீங்க பாக்கப்போறது ஆத்துப் படுகையில லாரி லாரியா கல்லைக் கொட்டி விட்ட மாதிரி ஒண்ணு. அகலப்படுத்துற வேலை நடந்துட்டு இருக்கு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது, அதனால போன வருஷம் போனவன் சொன்னத இந்த வருஷம் அப்படியே நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான்.

135 கிமீ தானே, நாலு மணி நேரத்துல போயிடலாமா?

போக முடியாது. சத்ருலேர்ந்து பாத்தல் 30 கிமீ சொச்சம், அதுக்கே ரெண்டரை மணி நேரம் ஆகும், ஜேசிபி நின்னு வேலை பாத்துட்டு இருந்தா மூணரை. ஸ்பீடோமீட்டர் முள்ளு 20ஐத் தாண்டினா கீழ அண்டர்பாடி பாறையில இடிக்கிற சத்தம் கேக்கும். இங்க கிமீ கணக்கே போடாதீங்க, மணிக்கணக்கு மட்டும் போடுங்க. எத்தன மணிக்கு எந்த இடத்துல இருக்கோம்ங்கறதுதான் இந்த ரோட்டுல எல்லாத்தையும் தீர்மானிக்குது, என்ன வண்டிங்கறது அதுக்கப்புறம்தான். ஏன்னு கீழ நாலா, அதாவது ரோட்டுக்கு குறுக்க ஓடுற ஓடை, பத்தின கேள்வில சொல்றேன்.

ஃபோர் வீல் டிரைவ் இல்லாம முடியுமா? என்கிட்ட ஹேட்ச்பேக் தான்

உள்ளூர் டாக்ஸிக்காரங்க ஆல்டோல போறாங்க, ஹிமாச்சல் அரசு பஸ்ஸே போகுது, அந்த டிரைவருங்களுக்கு ஒரு கும்பிடு. அதனால முடியுமான்னு கேட்டா முடியும். ஆனா அவங்களுக்கு ஒவ்வொரு கல்லும் எங்க இருக்குன்னு தெரியும், நமக்குத் தெரியாது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 180 மிமீக்கு மேல இருந்தா நிம்மதி, 200 இருந்தா இன்னும் நிம்மதி. நாலு பேரு, நாலு பெட்டி, மேல கேரியர்ல கூடாரம்னு ஏத்தினீங்கன்னா அந்த 180ம் 150 ஆயிடும், அத யாரும் யோசிக்கிறதில்ல. தண்ணி குறுக்க வர்ற இடத்துல மத்தவங்கள இறக்கி நடக்க விடுங்க, வண்டி கொஞ்சம் எழும்பும்.

டூ வீல் டிரைவ்ல பெரிய ஆபத்து கிளட்ச். ஏத்தத்துல கல்லு மேல சக்கரம் சிக்கி நிக்கும்போது பாதி கிளட்ச்ல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சுட்டே இருப்போம், ரெண்டு நிமிஷத்துல கருகுன வாசனை வரும். எனக்கு வந்துச்சு. வாசனை வந்தா அதோட நிறுத்திடணும், அரை மணி நேரம் ஆற விடணும். நான் நிறுத்தல, காசாவுல மூணு நாள் உக்காந்து கிளட்ச் பிளேட் வர்றதுக்காக காத்துட்டு இருந்தேன்.

மனாலி வழியா உள்ள போறதா, சிம்லா வழியா போறதா?

சிம்லா, கின்னௌர் வழியா உள்ள போங்க, மனாலி வழியா வெளிய வாங்க. இதுல நான் பிடிவாதக்காரன்.

காரணம் உயரம். மனாலி 2,050 மீட்டர், நம்ம கொடைக்கானல் உயரம்தான். தமிழ்நாட்டுலயே உயரமான தொட்டபெட்டாவே 2,637 தான். மனாலியில காலைல இட்லி தேடி அலைஞ்சுட்டு கிளம்பி சாயங்காலம் குன்சும் ஏறுறதுக்கு முன்னாடி பிரியுற சந்திரதால் ஏரிகிட்ட டென்ட் போட்டா 4,250 மீட்டர் கிட்ட தூங்குறீங்க, ஒரே நாள்ல 2,200 மீட்டர் ஏத்தம். 3,000 மீட்டருக்கு மேல போனா தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னுதான் டாக்டருங்க சொல்றது. அந்தப் பக்கம் வழியா போனா சிம்லா 2,200, கல்பா 2,960, நாக்கோ 3,600 சொச்சம், தாபோ 3,280, காசா 3,700 சொச்சம்னு படிப்படியா உடம்பு பழகிட்டே வரும். தாபோ மடத்தையும் பாத்துடலாம், கி.பி. 996ல கட்டினது, வெளிய மண் சுவர் மாதிரி இருக்கும், உள்ள போனா ஆயிரம் வருஷ ஓவியம். காசாவுல ரெண்டு ராத்திரி தங்கி கீ, கிப்பர், 4,400 மீட்டர்ல போஸ்ட் ஆபீஸ் இருக்குற ஹிக்கிம் எல்லாம் சுத்திட்டு அப்புறம் குன்சும் ஏறினா தலைவலி இல்லாம ஏறலாம். ஒரு வாரம் லீவு பத்தலன்னா சந்திரதால் ராத்திரிய விட்டுடுங்க, பகல்ல பாத்துட்டு இறங்கிடுங்க.

எந்த மாசம்?

குன்சும் லா நவம்பர்ல பனி மூடிடும், திறக்க மே கடைசி இல்ல ஜூன் ஆகும். கின்னௌர் பக்கம் மட்டும் பெரும்பாலும் வருஷம் பூரா திறந்திருக்கும். ஜூன்ல ரோட்டு ரெண்டு பக்கமும் பனிச்சுவர், தண்ணி நிறைய. ஜூலை ஆகஸ்ட்ல ஸ்பிதில மழை கம்மிதான், மலைக்கு அந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், ஆனா அங்க போய் சேர வேண்டிய மனாலி, கின்னௌர் ரோடெல்லாம் சரியுற காலம் அதுதான். செப்டம்பர் முதல் மூணு வாரம் என் சாய்ஸ். நாலாவுல தண்ணி வத்தியிருக்கும், வானம் சுத்தமா இருக்கும், ராத்திரி மட்டும் குளிரு எலும்புல ஏறும்.

நாலா கிராஸிங் வீடியோ பாத்து பயமா இருக்கு அண்ணா, அத எப்படி தாண்டுறது?

பயம் இருக்குறது நல்லது. நாலான்னா மலை மேலேர்ந்து ரோட்டுக்கு குறுக்க ஓடி ஆத்துல விழுற ஓடை, பாலம் இருக்காது, ரோடு மேலயே ஓடும். சத்ரு பாத்தல் நடுவுல இருக்குறதுதான் பெருசு. இந்தத் தண்ணி எல்லாம் மேல இருக்குற பனியும் கிளேசியரும் உருகி வர்றது. வெயில் ஏற ஏற உருகும், உருகினது இறங்கி வர நேரம் ஆகும், அதனால மதியம் ரெண்டு மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உச்சம், ராத்திரி உறைஞ்சு குறையும், விடியக்காலைல ரொம்பக் கம்மி. காலைல ஏழு மணிக்கு ஷூ நனையாம தாண்டுற ஓடை நாலு மணிக்கு பம்பர் வரைக்கும் நிக்கும், நடுவுல உருட்டிட்டு வர்ற கல்லும் வேற.

எனக்கு நடந்தது அதேதான். பாத்தல்ல பரோட்டா சூடா இருக்குன்னு இன்னொண்ணு, டீ நல்லா இருக்குன்னு இன்னொண்ணுன்னு ஒரு மணி வரைக்கும் உக்காந்துட்டேன், மூணு மணிக்கு நாலாகிட்ட வந்தா எனக்கு முன்னாடி பதினஞ்சு வண்டி நிக்குது. ஒருத்தர் பெரிய எஸ்யூவில தைரியமா இறங்கி நடுவுல நின்னுட்டாரு, கதவுக்கு கீழ தண்ணி ஓடுது. டிராக்டர் வந்து இழுக்க ஏழு மணி ஆயிடுச்சு. யாரும் தாண்டல, எல்லாரும் அங்கயே வண்டிக்குள்ள ராத்திரி. காலைல ஆறரைக்கு எழுந்து பாத்தா அந்த நாலா நம்ம வீட்டு வாய்க்கா மாதிரி சாதுவா ஓடிட்டு இருக்கு, ரெண்டு நிமிஷத்துல பதினஞ்சு வண்டியும் அந்தப் பக்கம்.

அதனால மனாலியிலேர்ந்து வந்தா காலைல நாலரைக்கு கிளம்புங்க, எட்டுக்குள்ள சத்ரு தாண்டிடணும். அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா சந்திரதால் கேம்ப்ல அஞ்சரைக்கே கிளம்புங்க, பதினோரு மணிக்குள்ள சத்ரு.

தாண்டும்போது முதல்ல இறங்கிப் பாருங்க. வேற வண்டி போறத பாருங்க, சக்கரம் எங்க ஏறி இறங்குதுன்னு கவனிங்க, அவன் முழுசா அந்தப் பக்கம் ஏறின பிறகு நீங்க இறங்குங்க, வாலப் பிடிச்சுட்டே போனா அவன் நின்னா நீங்களும் தண்ணிக்குள்ள நிப்பீங்க. அரை டயர் உயரத்துக்கு மேல தண்ணின்னா சின்ன வண்டில வேணாம். கலங்கலா ஓடுறதுல ஆழம் தெரியாது, நுரைச்சு சலசலன்னு ஓடுற இடம் பெரும்பாலும் மேடு, அமைதியா இருக்குற இடம்தான் குழி. ஃபர்ஸ்ட் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர், நடுவுல கியர் மாத்தாதீங்க, கிளட்ச் மிதிக்காதீங்க. அந்தப் பக்கம் ஏறினதும் பிரேக்க மெதுவா நாலு தடவ அழுத்தி ஓட்டி காய வைங்க.

நடுவுல இஞ்சின் ஆஃப் ஆயிட்டா?

திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. காத்து உள்ள இழுக்குற குழாய் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா, தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், இஞ்சினே போச்சு. இறங்கி, தள்ளி, இல்ல கயிறு கட்டி இழுத்து வெளிய கொண்டு வந்துட்டு ஏர் ஃபில்டர திறந்து பாருங்க, நனைஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணவே வேணாம். உங்க வண்டில அந்தக் குழாய் வாய் எங்க இருக்குன்னு வீட்லயே பானெட்ட தூக்கி பாத்துட்டு வாங்க, நிறைய கார்ல ஹெட்லைட் பின்னாடி தான் இருக்கும். இழுவைக் கயிறு எடுத்துட்டுப் போங்க, முன்பக்க இழுவைக் கொக்கி டிக்கில எங்கயோ கிடக்கும், அதையும் தேடி வைங்க.

டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்?

இது எனக்குப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்லிடுறேன். சமவெளியில 33 பி.எஸ்.ஐ. வச்சு கிளம்புறீங்கன்னு வைங்க. கேஜ் காட்டுறது வெளிக் காத்தோட வித்தியாசத்த. கீழ வெளிக் காத்து அழுத்தம் 14.7, குன்சும்ல 8.4 கிட்ட தான், அதாவது கீழ இருக்குறதுல பாதிக்கு கொஞ்சம் மேல. அதனால ஒண்ணுமே பண்ணாம கேஜ் ஆறு கூட காட்டும். அதே சமயம் குளிருல உள்ள இருக்குற காத்து சுருங்கி மூணு நாலு குறையும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா விடியக்காலைல 35, 36, வெயில் ஏறினா 37 காட்டும். ஏற்கனவே கல் ரோடு, இதுல டயர் பந்து மாதிரி விறைப்பா இருந்தா ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல அடிக்கும், கூரான கல்லு சீக்கிரம் குத்தும். கல் ரோடு ஆரம்பிக்கிற இடத்துல 26லேர்ந்து 28க்கு இறக்குங்க, டயர் கல்ல அணைச்சு போகும். அதுக்கும் கீழ ரொம்ப போனா ரிம் அடி வாங்கும், பக்கச் சுவர் பிதுங்கி கல்லுல கிழியும், அத ஒட்டவும் முடியாது. தார் ரோடு வந்ததும் திரும்ப ஏத்திடணும், காத்து கம்மியா வேகமா ஓட்டினா டயர் சூடாகி கெட்டுடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கிக்கோங்க, இந்த ட்ரிப்புல அத விட நல்ல செலவு கிடையாது.

பஞ்சர் கடை இருக்கா?

காசாவுல இருக்கு. நடுவுல இல்லைன்னே நினைச்சுட்டு போங்க. டியூப்லெஸ் பஞ்சர் கிட், அந்தப் பசை தடவின கயிறு ஒரு பத்து, வீட்லயே ஒரு பழைய டயர்ல குத்தி ஒட்டிப் பழகிட்டு வாங்க. ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, பாதிப்பேரு பாக்குறதே இல்ல. ஜாக்கிக்கு கீழ வைக்க ஒரு பலகைத் துண்டு, இல்லைன்னா கல்லுல ஜாக்கி வழுக்கும்.

மேல போனா வண்டி இழுக்காதுன்னு சொல்றாங்களே?

டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் 1,000 மீட்டருக்கு பத்து சதவீதம் கிட்ட பலம் இழக்கும், குன்சும்ல நாப்பது சதவீதம் காணாம போயிருக்கும். டர்போ இருந்தா அவ்வளவு தெரியாது. இழுக்கலையேன்னு ரிப்பேர்னு பயப்படாதீங்க, ஃபர்ஸ்ட் கியர்லயே ஏறுங்க. புது பிஎஸ்6 டீசல் வண்டிக்கு இன்னொண்ணு, நாள் முழுக்க 15 கிமீ வேகத்துல உருண்டா டிபிஎஃப்ங்கற புகை ஃபில்டர்ல கரி சேரும், அது சுத்தம் ஆகுறதுக்கு வேகமும் சூடும் வேணும், லைட் எரிஞ்சா அடுத்து நல்ல ரோடு கிடைக்கும்போது கொஞ்ச நேரம் சீரா ஓட்டி கரிய எரிக்க விடுங்க.

பெட்ரோல்?

மனாலியில ஃபுல் டேங்க், அடுத்தது காசா. காசா பங்க்ல உலகத்துலயே உயரமான சில்லறை பெட்ரோல் பங்க்னு போர்டு வச்சிருப்பாங்க, 3,740 மீட்டர், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. சில சமயம் ஸ்டாக் இல்லாம க்யூ நிக்கும். மனாலி டு காசா 200 கிமீ தான், சந்திரதால் போய் வர 25 சொச்சம், ஆனா மைலேஜ் முக்கால்வாசி தான் கிடைக்கும்னு கணக்கு போடுங்க. கேன்ல எடுத்துட்டு போனா இரும்பு ஜெர்ரிகேன், முழுசா நிரப்பாம கொஞ்சம் இடம் விடுங்க. சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக உப்பும் பாத்திருப்பீங்க, கேனும் அப்படித்தான். ஆள் உக்காருற பக்கம் வைக்காதீங்க.

ஒரே வண்டி போற அகலத்துல எதிர்ல வண்டி வந்தா?

மேல ஏறுற வண்டிக்கு வழி, இறங்குறவன் நிக்கணும், சட்டமும் அதான் வழக்கமும் அதான். ஆனா பின்னாடி பத்தடில ஒதுங்க இடம் இருக்குறவன் ஒதுங்கிட்டா வேலை முடிஞ்சுது, அங்க போய் ரூல் பேசாதீங்க. சந்திரதாலுக்கு பிரியுற அந்த 12 கிமீ சொச்சம் தான் இதுல மோசம், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழ சந்திரா ஆறு. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிங்க, கடைசியா எந்த இடத்துல அகலம் இருந்துச்சுன்னு மனசுல வச்சுட்டே போங்க, ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும். ரிவர்ஸ் சரியா வராதுன்னா முதல்ல ஊர்ல பழகுங்க. பள்ளத்து ஓரமா ஒதுங்கணும்னா ஒருத்தர் இறங்கி நின்னு கை காட்டட்டும், ஓரத்துல மண்ணு இளகலா இருக்கும்.

இறக்கத்துல பிரேக்?

எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. கொல்லிமலை 70 வளைவு இறங்கினவங்களுக்கு சொல்லத் தேவையில்ல.

டென்ட் எங்க போடலாம்? ஏரிக்கரையிலயே போடலாமா?

சந்திரதால் கரையில கூடாது, தடை. 2005லேர்ந்து ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல இருக்குற இடம் அது. கேம்ப் எல்லாம் ஏரிக்கு சில கிமீ முன்னாடி ஒரு வெளியில இருக்கு, அங்கேர்ந்து வண்டில பார்க்கிங் வரைக்கும் போய் கடைசி தூரம் நடக்கணும். உங்க சொந்த டென்ட்டுன்னாலும் அந்தக் கேம்ப் பக்கம்தான், கேட்டுட்டு போடுங்க. ஏரி ராத்திரி பாக்கணும்னு டார்ச் அடிச்சுட்டு இறங்குற ஆளுங்கள பாத்திருக்கேன், அந்த உயரத்துல இருட்டுல கால் பிசகினா யாரு தூக்குறது.

மத்த இடங்கள்ல லோசர் தாண்டி ஸ்பிதி ஆத்தோரம் சமவெளி நிறைய இருக்கு, ஊர்க்காரங்க வயலுக்கு பக்கத்துலன்னா ஒரு வார்த்தை கேளுங்க, பச்சப் பட்டாணி வயல் அவங்களுக்கு வருஷ சம்பாத்தியம். ஆத்துப் படுகையில இறங்கிப் போடாதீங்க, நாலா மாதிரி இல்ல, உருகின தண்ணி பெரிய ஆத்துக்கு வந்து சேர இன்னும் நேரம் ஆகும், ராத்திரியும் ஏறும். மேல கல்லு சரிவு விசிறி மாதிரி விரிஞ்சு முடியுற இடத்துல போடாதீங்க, அங்க புதுசா உடைஞ்ச வெளிறின கல்லு கிடந்தா அது நேத்து விழுந்ததுன்னு அர்த்தம். மதியத்துக்கு மேல காத்து பேய்த்தனமா வீசும், வண்டிய காத்துக்கு குறுக்க நிறுத்தி அதுக்குப் பின்னாடி போடுங்க. ஆணி இறங்காது, கல்லுல கயிற கட்டுங்க.

ராத்திரி வண்டிய கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வைங்க. தண்ணி தாண்டி நனைஞ்ச ஹேண்ட்பிரேக்க இழுத்து விட்டா காலைல உறைஞ்சு பிடிச்சுக்கும், விடாது.

வண்டிக்குள்ளயே தூங்கலாமா? ஹீட்டர் போட்டுக்கலாமா?

தூங்கலாம், ஜன்னல் ரெண்டு பக்கமும் விரல் அகலம் திறந்து வைங்க. இஞ்சின ஓட விட்டுட்டு தூங்காதீங்க. அடுப்பையோ கரி பக்கெட்டையோ டென்ட்டுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ வைக்கவே வைக்காதீங்க, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். குளிருக்கு தரைல போடுற மேட்டுதான் முக்கியம், ஸ்லீப்பிங் பேக்குக்கு ஆயிரம் ஆயிரமா செலவு பண்ணிட்டு கீழ மெல்லிசா ஒண்ண விரிச்சா தரை குளிரு முதுக உறிஞ்சிடும்.

சமையல்?

தண்ணி அங்க 86 டிகிரியிலயே கொதிச்சுடும். கொதிக்குது ஆனா சூடு இல்ல, அரிசி நடுவுல கல்லு மாதிரி நிக்கும், பருப்ப மறந்துடுங்க. சின்ன பிரஷர் குக்கர் எடுத்துட்டு போனா உள்ள 110 டிகிரிக்கு மேல போயிடும், எல்லாம் வேகும். பக்கத்து டென்ட்டுல மூணு மணி நேரமா சோறு கிண்டிட்டு இருந்தவங்க என் குக்கர் விசில் சத்தம் கேட்டு தட்டோட வந்தாங்க. கேஸ் கேனிஸ்டர்ல வெறும் பியூட்டேன்னா குளிருல காலைல எரியாது, அதோட கொதிநிலையே பூஜ்யம் கிட்ட. ஐசோபியூட்டேன் புரொப்பேன் கலந்தது வாங்குங்க, இல்லைன்னா கேனிஸ்டர ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சு தூங்குங்க. விறகு தேடாதீங்க, அது மரமே இல்லாத குளிர் பாலைவனம், அங்க கிடக்குற குச்சியும் சாணமும் அந்த ஊரு ஜனங்களோட குளிர்காலம்.

தலை வலிச்சா என்ன பண்றது? டயமாக்ஸ் போடணுமா?

லேசா தலைவலி, பசியில்ல, தூக்கம் வரல, இது பாதிப்பேருக்கு வரும். தண்ணி குடிச்சு, மேல ஏறாம, அதே உயரத்துல இருந்தா ஒரு நாள்ல சரியாகும். டயமாக்ஸ்ங்கற அசிட்டசோலமைடு பொதுவா 125 மில்லிகிராம் ரெண்டு வேளை, ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிப்பாங்க, ஆனா சல்ஃபா அலர்ஜி இருக்கவங்களுக்கு, கிட்னி பிரச்சினை இருக்கவங்களுக்கு ஆகாது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர கேட்டுடுங்க. தண்ணி அடிக்கிறத கீழ வந்து வச்சுக்கோங்க.

பயப்பட வேண்டியது எதுன்னா, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருது, நேர்கோட்டுல நடக்கச் சொன்னா தள்ளாடுறாங்க, பேச்சு குழறுது. இது நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோக்குறது. மருந்து ஒண்ணுதான், இறங்குறது, விடியட்டும்னு பாக்காதீங்க. சந்திரதால்லேர்ந்துன்னா பிரச்சினையே அதுதான், காசா போகணும்னா முதல்ல 4,550 மீட்டர் குன்சும் ஏறி இறங்கணும், மனாலி பக்கம்னா ராத்திரி நாலா. அதனாலதான் பழகாம அங்க போய் தூங்காதீங்கன்னு மேல அவ்வளவு நேரம் கத்தினேன்.

ஆக்ஸிஜன் ஸ்ப்ரே கேன் வாங்கவா?

அந்தச் சின்ன கேன் சில நிமிஷத்துல காலி. மனசு தைரியத்துக்கு வேணா வாங்குங்க, அத நம்பி மேல ஏறாதீங்க.

டாய்லெட்?

தண்ணியிலேர்ந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்கு குழி தோண்டி மூடுங்க, டிஷ்யூவ கவர்ல கட்டி திரும்ப எடுத்துட்டு வாங்க. குளிருல எதுவும் சீக்கிரம் மக்காது. ஏரிப் பக்கம் மட்டும் குழியும் வேணாம், கேம்ப்ல இருக்குறத யூஸ் பண்ணுங்க.

நெட்வொர்க் இருக்குமா? சாட்டிலைட் போன் எடுத்துட்டு வரவா?

டனல் தாண்டி கிராம்ஃபூ விட்டா லோசர் வர்ற வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு வச்சுக்கோங்க, காசாவுல ஜியோ, பிஎஸ்என்எல் கிடைக்கும். ஆஃப்லைன் மேப் இறக்கிட்டு போங்க. வீட்ல எத்தன மணிக்கு எங்கேர்ந்து கூப்பிடுவேன், கூப்பிடலைன்னா எத்தன நாள் கழிச்சு கவலப்படணும்னு சொல்லிட்டு போங்க, என் அம்மா முதல் தடவ 112க்கே போன் பண்ணிட்டாங்க. சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் மாதிரி மெசேஜர், எதுவுமே இந்தியாவுல அரசு அனுமதி இல்லாம வச்சிருக்கக்கூடாது, வெளிநாட்டு ஃப்ரெண்டு குடுத்தாருன்னு எடுத்துட்டு வந்து போலீஸ் ஸ்டேஷன்ல உக்காராதீங்க.

பர்மிட்?

இந்தியர்களுக்கு இந்த ரூட்டுக்கு இன்னர்லைன் பர்மிட் வேணாம். வெளிநாட்டுக்காரங்க கூட வந்தா கின்னௌர் ஸ்பிதி எல்லையோரப் பகுதிக்கு வேணும், சிம்லாவுலயோ ரெக்காங் பியோலயோ வாங்கலாம். ரோதங் மேல ஏறிப் போனா அதுக்கு தனி பர்மிட், டனல் வழின்னா தேவையில்ல. காசு கையில வச்சுக்கோங்க, ஏடிஎம் காசாவுல தான், அதுவும் மூட் இருந்தா வேலை செய்யும்.

ஊர்லேர்ந்து சொந்த வண்டியிலயே வரலாமா?

சென்னையிலேர்ந்து சண்டிகரே 2,400 கிமீக்கு மேல. ஒரு மாசம் லீவு இருந்தா வாங்க, சுகமான பயணம். பத்து நாள் லீவுன்னா போக நாலு வர நாலு, மிச்சம் ரெண்டு நாள்ல உயரத்துக்கு பழகுறேன்னு சொன்னா மலை சிரிக்கும். சண்டிகர்ல செல்ஃப் டிரைவ் எடுக்கலாம், அக்ரிமென்ட்ல அடிப்பாக சேதம், டயர், கிளட்ச் யாரு பொறுப்புன்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. நான் படிக்காம போட்டேன், கிளட்ச் காசு பூரா என் தலையில.

மாட்டிக்கிட்டா?

மாட்டுவீங்கன்னே பிளான் பண்ணுங்க. 2023 ஜூலைல திடீர்னு மழையும் பனியும் கொட்டி சந்திரதால் கேம்ப்ல சுமார் 300 பேர் பல நாள் சிக்கிக்கிட்டாங்க, குன்சும் பக்கமா பனிய வெட்டி ரோடு திறந்து வெளிய கொண்டு வந்தாங்க. அது ஜூலை, கோடைக்காலம். ரெண்டு நாள் கூடுதல் சாப்பாடு, தண்ணி, போர்வை, மாத்திரை வண்டில இருக்கட்டும், ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விடுங்க. வண்டி நின்னுட்டா வண்டிய விட்டு நடக்க ஆரம்பிக்காதீங்க, பகல்ல யாராவது வருவாங்க, அந்த ரோட்டுல கை காட்டினா நிறுத்தாம போறவன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

குன்சும்ல கோயில சுத்தணும்னு சொல்றாங்களே, கட்டாயமா?

கட்டாயம் இல்ல, ஆனா எல்லா டிரைவரும் குன்சும் மாதா கோயில ஒரு சுத்து வண்டியோடயே சுத்திட்டுதான் போவாங்க, பஸ்ஸும் சுத்தும். நானும் சுத்துவேன். அந்த இடம் நீர்ப்பிரிமேடு வேற, ஒரு பக்கம் உருகுறது சந்திராவுல சேந்து செனாப் ஆகுது, இன்னொரு பக்கம் ஸ்பிதி ஆறா ஓடி சட்லெஜ்ல விழுது. வண்டிய விட்டு இறங்கி அஞ்சு நிமிஷம் நில்லுங்க, பத்து நிமிஷம் வேணாம், காத்து காத அறுக்கும், அதோட கீழ நாலாவுல தண்ணி ஏறிட்டு இருக்கும்.